செவிமடுக்கப்பட்ட பனை

மக்கள் குறைகேள் பணியகத்துக்கு ஞானம் பிறந்தது நீர்கொழும்பில், கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு ஹோட்டலில், மத்தியானச் சாப்பாட்டுக்கும் பின்னேரத் தேநீருக்கும் இடைப்பட்ட அந்தக் கண் சொருகும் நேரத்தில்.

வடக்கிலிருந்து பயிற்சிப் பட்டறைக்குப் போன அதிகாரிகளில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் வெள்ளைப் பலகையில் இரண்டே இரண்டு ஆங்கில வினைச்சொற்களை எழுதினார். ஒன்று ஹியர். மற்றது லிசின். "காதில் விழுவது ஹியர். காதைக் கொடுப்பது லிசின். முதலாவது தானாக நடக்கும். இரண்டாவதை நாங்கள் மனம் வைத்துச் செய்யவேண்டும்" என்றார். பணிப்பாளர் இராசநாயகம் இறாலின் நினைவில் இருந்தவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பக்கத்தில் இருந்தவரின் தொடையில் தட்டி, "ஐசே, அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் ஹியர்தானே பண்ணிக்கொண்டு இருந்திருக்கிறம்" என்றார். அதையாவது பண்ணினார்களா என்பது வேறு கதை.

ஊருக்குத் திரும்பியதும் உத்தியோகத்தர்களை எல்லாம் கூட்டி ஒரு பேச்சுப் பேசினார். "இரண்டு வேலைக்கும் கேட்பது என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் சமூகம் காலத்தை வீணாக்கிவிட்டது. ஒரு சொல் இருந்தால் ஒரு பிரிவு. இரண்டு சொல் இருந்தால் இரண்டு பிரிவு. இரண்டு பிரிவு இருந்தால் இரண்டு பொறுப்பதிகாரி, இரண்டு வாகனம். வெள்ளைக்காரன் முன்னேறியது இப்படித்தான்."

அடுத்த கிழமையே பணியகத்தின் நடுவில் ஒட்டுப்பலகைத் தட்டி ஒன்று எழுந்தது. இடப்பக்கம் கேட்டல் பிரிவு. வலப்பக்கம் செவிமடுத்தல் பிரிவு. இடப்பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரைகளும் சுழலாத மின்விசிறியும். வலப்பக்கத்தில் குளிரூட்டி.

இந்த மாற்றம் எதுவும் புத்தூர்ப் பஞ்சலிங்கத்துக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வெங்காயமும் வாழையும், பிறகு அந்தப் பனையும்தான்.

பனை அவருடையது அல்ல. அவருடைய வேலிக்கு வெளியே, சின்னத் தெருவான ஒழுங்கையின் கரையில் நின்றது. போன மாரியில் இடி விழுந்து உச்சி வட்டு கருகிப்போனது. ஓலை எல்லாம் கொட்டுப்பட்டு, மொட்டையாக, அடி உக்கி, அவருடைய வீட்டுக் கிழக்கு அறையைக் குனிந்து எட்டிப்பார்த்துக்கொண்டு நின்றது. காற்றடித்தால் கிறீச்சிட்டது. ஒழுங்கை அரசாங்கத்துச் சொத்து என்பதால் அவர் அதில் கத்தி வைக்க முடியாது. சொந்தக் காணிப் பனை என்றாலும் அனுமதி இல்லாமல் தறித்தால் வழக்கு. ஆகவே அவர் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறினார். ஓரிடத்தில், "மரம் எங்கடைதான் ஐயா, ஆனால் சரிவு எங்கடை இல்லை" என்றார்கள். சரிவு யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாததால் குறைகேள் பணியகத்துக்குப் போகச் சொன்னார்கள்.

அவசரம் பனைக்கு அல்ல, பஞ்சலிங்கத்தின் மகளுக்கு. கீர்த்திகா மானிப்பாயில் மாமியார் வீட்டில் தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். பிள்ளை பிறந்ததும் தாய்வீட்டுக்கு வரவேண்டும். வந்தால் கிழக்கு அறைதான். மற்ற அறைக்குள் விதை வெங்காயம் தொங்கியது. பஞ்சலிங்கத்தின் மனைவி ஞானாம்பிகை தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இஞ்சாருங்கோ, உந்தப் பனை உப்பிடிக் குனிஞ்சு நிக்க, நான் என்ரை பிள்ளையையும் பேரப்பிள்ளையையும் அந்த அறையிலை கிடத்த மாட்டன். தலைப்பிள்ளைப் பேறுக்குப் பிள்ளையை மாமி வீட்டிலை விட்டிட்டு இருக்கிறதெண்டால், நான் இந்த ஊரிலை முகம் காட்டேலாது. என்ன செய்வியளோ தெரியாது, பனை விழவேணும்."

பஞ்சலிங்கம் வேட்டியைத் துவைத்து உடுத்திக்கொண்டு பணியகத்துக்குப் போனார். கேட்டல் பிரிவில் சுதாகரன் என்ற இளைஞன் மேசைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி இருந்தான். பஞ்சலிங்கத்துக்குத் தெரிந்தது அவனுடைய வலது காது மட்டும்தான்.

"சொல்லுங்கோ ஐயா."

"தம்பி, ஒருக்கால் இஞ்சாலை திரும்புங்கோவன்."

"திரும்பேலாது ஐயா. முகத்தைப் பாத்தால் அது செவிமடுத்தலாய்ப் போயிடும். அதுக்கு எனக்குப் பதவி இல்லை. நீங்கள் காதுக்குச் சொல்லுங்கோ."

பஞ்சலிங்கம் குனிந்து காதுக்குச் சொன்னார். நல்ல காதுதான், ஒரு குறையும் இல்லை. ஆனால் காதைப் பார்த்துக் கதைக்கும்போது, கதை எங்கே போகிறது என்று மனுசனுக்குப் பிடிபடுவதில்லை. இடி விழுந்த கதையையே மூன்று தரம் சொல்லிவிட்டார். சுதாகரன் அவ்வளவு நேரமும் கைத்தொலைபேசியில் கிரிக்கெட் பார்த்தான். "குறை நினையாதேங்கோ. கண்ணுக்கு வேறை வேலை குடுத்தாத்தான் காது துப்புரவாய்க் கேக்குமாம். பயிற்சியிலை சொன்னவை" என்று விளக்கமும் சொன்னான்.

கடைசியில், "கேட்டாச்சு ஐயா" என்றான்.

"அப்ப பனை?"

"பனை என்ரை காதிலை விழுந்திட்டுது."

"எனக்கு அது நிலத்திலை விழவேணும் தம்பி."

"அதுக்கு மற்றப் பக்கம் போகவேணும். ஆனால் கேக்கப்படாத ஆக்களை அவை செவிமடுக்க மாட்டினம். கையைத் தாங்கோ." சுவரைப் பார்த்தபடியே பஞ்சலிங்கத்தின் கையைத் தடவிப் பிடித்து, மணிக்கட்டில் ஊதா மையால் 'கேட்கப்பட்டது' என்று ஒரு முத்திரை குத்தினான்.

தட்டிக்கு அப்பால் வேறு உலகம். குளிர்ந்த காற்று, மெத்தைக் கதிரை, பிளாஸ்டிக் ரோசாப்பூ, சுவரில் சுளகளவில் ஒரு காதின் படம். மேசையில் கண்ணீர் துடைக்கிற கடதாசிப் பெட்டி. அங்கே இருந்த பிரியந்தினி என்ற பிள்ளை எழுந்து கும்பிட்டாள், முன்னுக்குச் சரிந்தாள், தலையை ஒருபக்கமாகச் சாய்த்தாள், கண்ணை இமைக்காமல் அவரையே பார்த்தாள். அவளுக்குக் கழுத்துப் பிடித்துவிட்டதோ என்று பஞ்சலிங்கம் பயந்தார்.

"ஒரு பனை பிள்ளை" என்று தொடங்கினார்.

"ம்" என்றாள் பிரியந்தினி. அப்படியொரு ம்-ஐப் பஞ்சலிங்கம் தன் வாழ்நாளில் பெற்றதில்லை. ஞானாம்பிகையின் ம் எல்லாம் வேறு வகை.

"வீட்டுப் பக்கம் சரிஞ்சு நிக்குது."

"பனை சரிஞ்சு நிக்கிறமாதிரி நீங்கள் உணருறியள்."

"உணரேல்லைப் பிள்ளை, நிக்குது. வந்து பாத்தால் தெரியும்."

"வந்து பாத்தால் தெரியுமெண்டு நீங்கள் உணருறியள்." அவளுடைய குரல் தழுதழுத்தது. "ஐயா, எப்பவாவது அந்தப் பனையின்ரை இடத்திலை இருந்து யோசிச்சுப் பாத்தனீங்களோ? தலையும் இல்லாமல், சரிஞ்சபடி, இரவும் பகலும். அதுக்கும் கஷ்டம்தானே."

பஞ்சலிங்கம் யோசித்துப் பார்த்தார். ஓம், அதுக்கும் கஷ்டம்தான். பிறகு எப்படி நடந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கனடாவுக்குப் போன தம்பி கதைக்காமல் விட்டதைச் சொன்னார். பெரிய மாடு செத்ததைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்போட்டியில் தன்னை விழுத்திவிட்டு முதலாவதாக வந்தவன் இன்று சங்கத் தலைவராக இருப்பதைச் சொன்னார். பிரியந்தினி எல்லாவற்றுக்கும் ம் கொட்டினாள், கடதாசி கொடுத்தாள், தானும் ஒன்று எடுத்துக்கொண்டாள். வெளியே வந்தபோது பஞ்சலிங்கத்துக்கு உடம்பு பஞ்சுபோல இருந்தது. சந்தியில் பிளேன்ரீ குடித்து, வடையும் சாப்பிட்டு, பாட்டொன்றை முணுமுணுத்தபடி சைக்கிளில் வீட்டுக்கு வந்தார்.

"பனையைப் பற்றி என்னவாம்?" என்று கேட்டார் ஞானாம்பிகை.

பஞ்சலிங்கம் சைக்கிளை வாசல் படலையில் சாத்தினார். "அதுக்கும் கஷ்டம்தானாம்" என்றார்.

அன்று அவருக்கு இரவுச் சாப்பாடு கிடைக்கவில்லை.

அடுத்த நாளே திரும்பப் போனார். மணிக்கட்டு முத்திரை அழியாமல் இருந்ததால் நேரே வலப்பக்கம் விட்டார்கள். இந்த முறை தம்பியையும் மாட்டையும் மறந்து, "பிள்ளை, எப்ப தறிப்பியள்?" என்று மட்டும் கேட்டார்.

பிரியந்தினி சாய்த்த தலையை முதல் தடவையாக நிமிர்த்தினாள். "தறிக்கிறதோ? அது வேறை வினைச்சொல் ஐயா. எங்களுக்கு நீர்கொழும்பிலை ரெண்டுதான் படிப்பிச்சவை. செய்யிறது எண்டு மூண்டாவதாய் ஒண்டு இருக்காம். அதுக்குப் பட்டறை அடுத்த வருசம் நுவரெலியாவிலை. நிதி வந்தால்."

"பனை அடுத்த வருசம் மட்டும் நிக்குமோ பிள்ளை?"

"நிக்காதெண்டு நீங்கள் உணருறியள்" என்று அவள் திரும்பவும் தலையைச் சாய்த்தாள்.

பஞ்சலிங்கத்துக்குக் கோபம் வந்தது. சாதாரணமாக வராது. வந்தால் அவர் கத்துவதில்லை, வெறுமனே இருந்த இடத்தை விட்டு எழும்பமாட்டார். பின்னேரம் குளிரூட்டியை நிறுத்தினார்கள், விளக்கை அணைத்தார்கள், அவர் எழும்பவில்லை. காவலாளி போய்ப் பணிப்பாளரைக் கூட்டிவந்தான்.

இராசநாயகம் முறைப்பாட்டுக் கோவையைப் புரட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார். "ஐயா, உங்களுக்குத் தெரியுமோ? எங்கடை பணியகத்திலை இவ்வளவு ஆழமாச் செவிமடுக்கப்பட்ட முறைப்பாடு வேறை இல்லை. பிரியந்தினி ரெண்டு பெட்டி கடதாசி முடிச்சிருக்கிறா. நிதி தாறவை வெற்றிக்கதை ஒண்டு கேட்டுக்கொண்டு இருக்கினம். நீங்கள்தான் அந்தக் கதை."

"பனை விழேல்லையே ஐயா. அதிலை என்ன வெற்றி?"

பணிப்பாளர் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது கண்ணில் நீர்கொழும்பு தெரிந்தது. "பாதிக்கப்பட்ட உங்களைச் செவிமடுத்தம். சரி. ஆனால் பனையைச் செவிமடுத்தமோ? ஒரு பக்கத்தை மட்டும் செவிமடுக்கிறது நீதியோ?"

இரண்டு நாளில் பணியகத்தின் ஜீப் ஒழுங்கைக்குள் வந்தது. சாரதி ஜெரிசன் கதவைத் திறந்துவிட, பணிப்பாளர், டொக்டரான தன் மருமகனிடம் இரவல் வாங்கிய நாடிக்குழாயைக் கழுத்தில் போட்டபடி இறங்கினார். பின்னால் பிரியந்தினி. அவளுக்குப் பின்னால் சுதாகரன், பதவிக்கு மதிப்புக் கொடுத்து, பின்பக்கமாக நடந்து வந்தான். வரும் வழியில் ஆமணக்குப் பற்றைக்குள் ஒருமுறை விழுந்தான்.

பணிப்பாளர் குழாயைக் காதில் மாட்டி, மறு முனையைப் பனையில் வைத்தார். காற்று வந்தது. பனை கிறீச்சிட்டது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏதோ சொல்லுது" என்றார் பணிப்பாளர்.

"ம்" என்றாள் பிரியந்தினி, பனையைப் பார்த்துத் தலையைச் சாய்த்து.

"விழப்போறன் எண்டு சொல்லுது ஐயா" என்றார் பஞ்சலிங்கம்.

"அது உங்கடை விளக்கம்." பணிப்பாளருக்குக் கொஞ்சம் எரிச்சல். "செவிமடுக்கிறவர் விளக்கம் சொல்லக்கூடாது. அது அடிப்படைப் பாடம். இப்ப எனக்கு ஹியர் பண்ணக்கூடியதாய் இருந்தது. ஆனால் முறையாய் லிசின் பண்ணவேணுமெண்டால் ஒரு பிரதம விருந்தினர் வேணும்."

அதன்பிறகு வேலைகள் பனையைத் தவிர எல்லாத் திசையிலும் மளமளவென்று நடந்தன. ஒழுங்கைக்கு எதிர்ப்புறத்து வெறுங்காணியைத் துப்புரவாக்கிப் பந்தல் போட்டார்கள். மேடை கட்டினார்கள். பிரதம விருந்தினர் கதிரைக்கு வெள்ளைத் துணி உடுத்தினார்கள். அளவெட்டியிலிருந்து நாதஸ்வரம், தவில். 'பனையும் பேசும், பணியகம் செவிமடுக்கும்' என்று முற்றத்தளவு பதாகை. கீழே பணிப்பாளரின் படம், பனையைவிடப் பெரிதாக. பஞ்சலிங்கத்துக்குப் போர்க்கப் பொன்னாடைகூட வாங்கி வைத்திருந்தார்கள். அதற்குக் கொடுத்த காசுக்கு இரண்டு பேரைப் பிடித்து மரத்தைத் தறித்திருக்கலாமே என்று அவர் சொன்னபோது, பொன்னாடைக்கு நிதி ஒதுக்கீடு இருக்கிறது, கோடரிக்கு இல்லை என்று பதில் வந்தது.

விழாவுக்கு முதல்நாள் விடிய, மானிப்பாய் ஆஸ்பத்திரியில் கீர்த்திகாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஞானாம்பிகை அங்கேயே நின்றுவிட்டார். பஞ்சலிங்கம் போய் எட்டிப்பார்த்து, அந்தச் சின்ன முகத்தைக் கண்டு அழுதுவிட்டு, ஞானாம்பிகையின் முகத்தைக் கண்டு உடனேயே வீட்டுக்கு ஓடிவந்தார்.

விழா நாள். ஒலிபெருக்கிக்காரர் வந்து வழக்கப்படி அண்ணாந்து பார்த்தார். எங்கள் பக்கத்தில் ஒலிபெருக்கிக்காரர்களுக்கு அது இரத்தத்தில் ஊறியது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஆளைப் பார்ப்பதில்லை, உயரமான மரத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த ஒழுங்கையில் உயரமானது அந்தப் பனைதான். ஏணி வைத்து நடுமரம் வரைக்கும் ஏறி, ஊமத்தம்பூப்போல விரிந்த குழாய் இரண்டைக் கட்டினார். மரம் முனகியது. அவசரமாக இறங்கினார்.

"ஐயா, உது ஆடுது. எதிர்ப்பக்கத்தாலை ஒரு இழுவைக் கயிறு போட்டாத்தான் நிக்கும்."

"போடு, போடு. பனைக்குப் பாதுகாப்பு முக்கியம்" என்றார் பணிப்பாளர்.

எதிர்ப்பக்கம் கயிறு கட்ட ஒரு மரமும் இல்லை. எல்லாவற்றையும் பந்தலுக்காகத் துப்புரவாக்கிவிட்டார்களே. பந்தலுக்கு அப்பால், காணியின் அந்தக் கரையில், மதில் நிழலைத் தேடிப் பணியகத்தின் ஜீப் நின்றது. ஒலிபெருக்கிக்காரர் கயிற்றைப் பனையிலிருந்து ஒழுங்கைக்கு மேலாலும் பந்தலுக்கு மேலாலும் கொண்டுபோய், ஜீப்பின் பின்கொளுக்கியில் இறுக்கி முடிச்சுப் போட்டார். நல்ல நைலோன் கயிறு. தோணி இழுக்கிற கயிறு.

பஞ்சலிங்கம் அதைப் பார்த்தார். அப்போது அவருக்கு எந்த எண்ணமும் இல்லை. சத்தியமாக இல்லை.

பிரதம விருந்தினர் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. வந்தால்தான் புதினம். குழாய்கள் பாட்டைக் கத்தின. புத்தூர்ச் சந்திவரைக்கும் கேட்டது. மாலைப் பக்கமாக ஒழுங்கை திரும்பும் முடக்கில் விருந்தினரின் வாகனம் தெரிய, பணிப்பாளர், பிரியந்தினி, பின்பக்கமாகச் சுதாகரன், நாதஸ்வரம், தவில், மாலை, நிறைகுடம், வேடிக்கை பார்க்க வந்த சனம், கச்சான் கடலை விற்ற மனுசி, அத்தனை பேரும் முடக்குக்கு ஓடினார்கள். பந்தலில் ஒரு குஞ்சும் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பஞ்சலிங்கத்தின் சட்டைப் பையில் தொலைபேசி துடித்தது. குழாய்ச் சத்தத்தில் ஒன்றும் விளங்காமல், காதைப் பொத்திக்கொண்டு காணியின் அந்தக் கரைக்கு, ஜீப்படிக்கு, ஓடினார். ஞானாம்பிகைதான்.

"நாளைக் காலமை துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகினமாம். சம்பந்தியம்மா வீட்டிலை கட்டிலுக்குப் புது விரிப்பு விரிச்சிட்டு வந்து நிக்கிறா, பிள்ளையைத் தன்னோடை கொண்டுபோக. நான் என்ன சொல்ல? பனை நிக்குதோ, இல்லையோ?"

"நிக்குது ஞானம்."

அந்தப் பக்கத்தில் மெல்லிய ஒரு சிணுங்கல் கேட்டது, பேரப்பிள்ளையுடையது. ஏச்சைவிட அது மோசமாக இருந்தது. தொலைபேசி துண்டிக்கப்பட்டது. பஞ்சலிங்கம் அதைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ஜெரிசன் ஓடிவந்தான். "ஐயா, விலத்துங்கோ. சீஃப் கெஸ்டின்ரை வாகனம் நிழலிலை நிக்கவேணுமாம். ஜீப்பை எடுக்கச் சொல்லிப் பணிப்பாளர் நிண்டு துள்ளுறார்."

பஞ்சலிங்கம் ஜீப்பைப் பார்த்தார். கொளுக்கியைப் பார்த்தார். கயிறு போகும் வழியில் பந்தலைப் பார்த்தார். ஆள் இல்லை. ஒழுங்கையைப் பார்த்தார். ஆள் இல்லை. ஒரு நாய் இருந்தது, சூ என்று அதைக் கலைத்தார். பிறகு பனையைப் பார்த்தார். அதுக்கும் கஷ்டம்தான்.

அவர் நேர்மையான மனுசன். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடமாட்டார். ஜீப்பின் யன்னல் பக்கம் போய், பதவிசாக, ஆஸ்பத்திரியில் கதைக்கிற குரலில் சொன்னார்.

"தம்பி, பின்னாலை கயிறு கட்டிக் கிடக்கு."

"ஓம், ஓம்" என்றான் ஜெரிசன், கண்ணாடியில் தலை சீவிக்கொண்டு.

"மற்றத் தலைப்பு பனையிலை."

"ஓம் ஐயா, கேக்குது, கேக்குது."

"கேக்குதெண்டால் சரி" என்றார் பஞ்சலிங்கம். நாலு எட்டுத் தள்ளி, மதிலோரம் போய் நின்றுகொண்டார்.

ஜீப் உறுமிக்கொண்டு புறப்பட்டது. கயிறு விறைத்தது. ஜீப் ஒரு கணம் முக்கியது. ஜெரிசன் கியரை மாற்றி மிதித்தான். பனை இவ்வளவு காலமும் கும்பிட்டுக்கொண்டிருந்த கிழக்கு அறையிடமிருந்து மெதுவாக நிமிர்ந்தது. ஒரு விநாடி, இடி விழ முந்தி நின்றதுபோல நேராக நின்றது. பிறகு ஒழுங்கைக்குக் குறுக்காக மற்றப் பக்கம் சாய்ந்து, பந்தலைப் பிளந்து, பதாகையைக் கிழித்து, வெள்ளைத் துணி உடுத்திய கதிரையின் மேல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. குழாய்கள் கீ என்று ஒருமுறை கத்தி அடங்கின.

முடக்கில் நாதஸ்வரம் பாதியில் நின்றது. தூசி எழும்பி அடங்கியது. எத்தனையோ கிழமைக்குப் பிறகு ஒழுங்கையில் ஒரு சத்தமும் இல்லை.

"அப்ப நான் மானிப்பாய்க்குப் போட்டு வாறன்" என்று பஞ்சலிங்கம் சொன்னது எல்லாருக்கும் துலக்கமாகக் கேட்டது.

ஆனால் அதிகாரிகளை அவ்வளவு லேசில் நினைத்துவிடக் கூடாது. பிரதம விருந்தினர் நசிந்துபோன தன் கதிரையைப் பார்த்துக்கொண்டு நிற்க, இராசநாயகம் ஒலிவாங்கி இல்லாமலே தொடங்கினார். "சபையோரே, இதுதான் செவிமடுத்தலின் வலிமை. நாங்கள் பனையில் கை வைத்தோமா? இல்லை. கத்தி வைத்தோமா? இல்லை. எந்தப் பிரச்சினையிலும் நாங்கள் கை வைப்பதில்லை. அது எங்கள் கொள்கை. முறையாகச் செவிமடுத்தால் பிரச்சினை தானாகவே விழுந்துவிடும் என்பதை இந்தப் பனை இன்று பிரதம விருந்தினர் முன்னிலையில் நிரூபித்துவிட்டது." விழுந்த மரத்தில் சிவப்பு நாடா கட்டினார்கள். விருந்தினர் கதிரையிலிருந்து கண்ணை எடுக்காமலே வெட்டினார். நாதஸ்வரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பஞ்சலிங்கம் இல்லாததால் பொன்னாடையைப் பனைக்குப் போர்த்தினார்கள்.

மறுநாள் காலை கீர்த்திகாவும் குழந்தையும் கிழக்கு அறைக்கு வந்து சேர்ந்தார்கள். சம்பந்தியம்மா விரித்த புது விரிப்பு வீணாகவில்லை, மகளின் உடுப்பு எடுக்கப் போன இடத்தில் அதையும் ஞானாம்பிகை மடித்துக் கொண்டுவந்துவிட்டார். யன்னலால் வெளிச்சம் வந்தது. அந்த அறைக்குள் அப்படி வெளிச்சம் வரும் என்று பஞ்சலிங்கத்துக்கே தெரியாது.

சில நாள் கழித்து, முற்றத்தில் கதிரை போட்டிருந்து அவர் பிடுங்கிக் காயவைத்த வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சுதாகரன். பிள்ளை பிறந்த துடக்கு வீடு என்பதால் உள்ளே வரவில்லை. ஆனால் நேரே முகத்தைப் பார்த்தான்.

"ஐயா, எனக்கு இப்ப முகம் பாக்கப் பதவி தந்திருக்கினம். விசாரணைக்கு வந்தனான்."

"என்ன விசாரணை தம்பி?"

"இங்கிலிசிலை ஃபோல் எண்டும் ஃபெல் எண்டும் ரெண்டு வினைச்சொல் இருக்காம். தானாய் விழுறது ஒண்டு, ஆரும் தறிச்சு விழுத்துறது மற்றது. அறிக்கையிலை எதைப் போடுறதெண்டு பணிப்பாளருக்குத் தலையிடி. விழுந்ததெண்டால் எங்கடை வெற்றி, விருது வரும். விழுத்தினதெண்டால் அனுமதி இல்லாமல் பனையை விழுத்தின வழக்கு, ஆர் தலையிலையாவது கட்டவேணும். ஜெரிசன் சொல்லுறான், கயிறு கட்டினதை நீங்கள் தனக்குச் சொல்லேல்லையாம்."

"சொன்னனான் தம்பி. ரெண்டு தரம் சொன்னனான். கேக்குது எண்டவர்."

சுதாகரன் திகைத்தான். "கேக்குது எண்டவனோ? அப்ப அவன் ஹியர் பண்ணினவனோ, லிசின் பண்ணினவனோ?"

"அது உங்கடை கந்தோர்ப் பிரச்சினை. பிரிச்சது நீங்கள்தானே."

சுதாகரன் மண்டையைச் சொறிந்தான். இந்தக் கேள்விக்கு நுவரெலியாவுக்குப் போனாலும் மறுமொழி கிடைக்காது என்று அவனுக்கு விளங்கியிருக்கவேண்டும். "எப்பிடியும் உங்கடை வாக்குமூலம் வேணும் ஐயா. கொஞ்சம் செவிமடுங்கோ" என்றான்.

பஞ்சலிங்கம் கதிரையைத் தூக்கி, சுவரைப் பார்த்தபடி திருப்பி வைத்து இருந்தார். படலைப் பக்கம் வலது காது மட்டும் தெரிந்தது.

"தம்பி, எங்கடை வீட்டிலையும் இப்ப ரெண்டு பிரிவு. நான் கேக்கிற ஆள் மட்டும்தான். செவிமடுக்கிற ஆள் உள்ளுக்கை பிள்ளையைக் குளிப்பாட்டுறா. முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியாமல் அந்தப் பிரிவு துறக்காது. நீங்கள் சொல்லுங்கோ. காதுக்குச் சொல்லுங்கோ."

சுதாகரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கையிலிருந்த கடதாசியைப் பார்த்தபடி தொடங்கினான். சட்டத்தைச் சொன்னான், உட்பிரிவைச் சொன்னான், பனை ஒரு தேசிய வளம் என்று சொன்னான். காது அசையாமல் இருந்தது. வெங்காயம் கட்டுகிற கை மட்டும் அசைந்தது. கிழக்கு அறைக்குள் குழந்தை, அழுகை என்றுகூடச் சொல்ல முடியாத அளவுக்கு, மெல்லச் சிணுங்கியது.

சுதாகரன் உட்பிரிவை முடித்து நிமிர்ந்தபோது வெங்காயப் பிடி நிலத்தில் கிடந்தது. பஞ்சலிங்கம் எப்போதோ உள்ளே போயிருந்தார். அவன் கதிரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.